இருபத்தைந்து, ஐம்பது, பத்து

பாலத்துக்கு அந்தப் பக்கம் நியூ ஹாம்ப்ஷயர்.
அங்கே காப்பீடு இல்லாமலும் கார் ஓட்டலாம்,
யாரையும் இடிக்காத வரை.
இந்தப் பக்கம் வெர்மான்ட்.
என் மேஜை இந்தப் பக்கம்.

வாரன் பெல்கி வந்து உட்கார்ந்தார்.
பூட்ஸில் ஒட்டியிருந்த பனி
என் கம்பளத்தில் உருகத் தொடங்கியது.
அறுபத்தொரு வயது. சாலையில் பனி தள்ளும் வேலை.
மகள் வீட்டு மாடிக்குக் குடிவந்து ஒன்பது நாள்.
"ஏதோ ஒரு தாள் வேணுமாமே" என்றார்,
தபால்தலை கேட்பவர் மாதிரி.

எழுதிக் காட்டினேன்: 25 / 50 / 10.
"பூட்டுத் திறக்கிற எண்ணா?"
எல்லாரும் ஏதாவது சொல்வார்கள்.
போன வாரம் ஒருத்தி
யாருடைய இடுப்பளவு என்று கேட்டாள்.

ஆயிரங்களில், என்றேன்.
உங்களால் ஒருவர் காயப்பட்டால்
அவருக்கு இருபத்தைந்து வரை.
பலர் என்றால், எத்தனை பலரானாலும்,
எல்லாருக்கும் சேர்த்து ஐம்பது.
வேலி, கார், கடைக் கண்ணாடி, பத்து.

"எனக்கு?"
இதில் நீங்கள் இல்லை.
"என் வண்டிக்கு?"
அதுவும் இல்லை.
நீங்கள் இன்னும் பார்த்தேயிராத ஒரு ஆளுக்காக
மாதாமாதம் கட்டுகிறீர்கள்.

இன்னொரு வரியும் உண்டு:
காப்பீடு இல்லாத ஒருவன் உங்களை இடித்துவிட்டுக்
கையை விரித்தால், அதற்கு.
அதையும் இங்கே விட முடியாது.
"அந்த ஒருவன் நான்தான்" என்றார்.
"முப்பத்தெட்டு வருஷமா."
சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

படிவத்தில் அடுத்த கேள்வி:
கடந்த ஐந்தாண்டில் விபத்து உண்டா?
"இல்லை."
பேனா கட்டத்தைத் தொடுவதற்குள்,
"பதினாறு வருஷத்துக்கு முன்னால் என்றால்?"
அதற்குக் கட்டம் இல்லை.
இருந்தும் சொன்னார்.

தாரோடு தாராக உறைந்து கிடந்த பனி.
ஆர்டித் கிம்பல், பள்ளியில் பியானோ சொல்லித் தருபவள்.
இடது மணிக்கட்டு.
நாற்பத்தோராயிரம் டாலர்.
அவள் வழக்குப் போடவில்லை. ஒரு நோட்டுப் போட்டாள்.
மாதம் இருநூற்றுப் பத்து,
முதல் சனிக்கிழமை, கையில் கொண்டுவந்து.
முதல் வருஷம் முழுக்கக்
கதவுச் சங்கிலியை எடுக்காமல்
இடுக்கு வழியே காசோலை வாங்கினாள்.
மூன்றாம் குளிர்காலத்தில்
இவர் அவள் வாசல் பனியைத் தள்ளிவிட்டுத் தட்டினார்.
"அதைக் கணக்கில் கழிக்கவில்லை.
நானும் கேட்கலை."

அக்டோபரில் இறந்துபோனாள்.
பதினொரு தவணை பாக்கி.
அரிசோனாவில் இருக்கும் மருமகன்
விட்டுவிடுங்கள் என்று எழுதினான்.
"அவன் யார் விடுறதுக்கு?"
தபாலில் அனுப்புகிறார்.

பிறகு என் பேனாவை எடுத்து
25-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.
"இது அவளுக்குப் பத்தியிருக்காது."
கழித்துப் பார்த்தேன். பதினாறாயிரம் மீதி.
ஆறு வருஷத்துக்கும் மேலே
சனிக்கிழமைகள்.

"பெரிய எண்ணுக்கு எவ்வளவு?"
ஒருவருக்கு நூறு, எல்லாருக்கும் முந்நூறு.
மாதம் பதினேழு டாலர் கூட.
சட்டைப்பையை இரண்டு தடவை தொட்டார்.
கையெழுத்துப் போட்டார்.

அச்சுப்பொறியிலிருந்து வந்த சூடு ஆறாத அட்டையை
ஈரக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு போனார்.
ஜன்னலில் பார்த்தேன்.
முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை;
இண்டிகேட்டர் போட்டுக் காத்திருந்து
பாலத்தின் பக்கம் திரும்பினார்,
அந்த அட்டையை யாரும் கேட்காத கரைக்கு.

மேஜையின் கீழ் இழுப்பறையில்
என்னுடையது இருக்கிறது.
இந்த வேலைக்கு வந்து பதினான்கு வருஷம்.
இருபத்தைந்து, ஐம்பது, பத்து.

கம்பளம் காயவில்லை.